முதல்முறையாகப் பாங்காக்கில் மூன்று நாட்கள்: திட்டமிடுவதிலிருந்து திரும்பும் விமானம் வரை

பாங்காக்குக்கு முதல்முறை செல்பவர்களில் பெரும்பாலோர் பார்க்க வேண்டிய இடங்களின் நீண்ட பட்டியலோடு புறப்படுகிறார்கள். அதில் பாதியைப் பார்க்காமலேயே, கால்கள் ஓய்ந்து, பகலின் பெரும்பகுதியை டாக்ஸிக்குள் கழித்துவிட்டுத் திரும்புகிறார்கள். இந்த நகரத்தில் தொலைவைக் கிலோமீட்டரில் கணக்கிடுவதால் பயனில்லை. காலை 7 மணிக்குக் கால் மணி நேரத்தில் கடக்கும் தூரம், மாலை 5 மணிக்கு ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும். ஆகவே முதலில் தங்குமிடம், அடுத்து பாதை, பிறகு நேரம், கடைசியில்தான் இடங்கள் என்ற வரிசையில் முடிவெடுப்பதே சரி. கீழே உள்ள படிகளும் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

1. பருவத்தையும் கிழமையையும் பார்த்த பிறகே விமானச்சீட்டு

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் ஓரளவு தணிந்திருக்கும். அறை வாடகையும் கூட்டமும் அப்போதுதான் அதிகம். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். மழை பெரும்பாலும் பிற்பகலிலோ மாலையிலோ கொட்டித் தீர்த்துவிட்டு நின்றுவிடும் என்பதால், காலை நேரத்தை நம்பித் திட்டமிடுபவர்கள் அக்காலத்திலும் தாராளமாகச் செல்லலாம். ஏப்ரல்தான் கடினமான மாதம். வெப்பம் உச்சத்தில் இருக்கும். 13 முதல் 15 வரை சொங்க்ரான் புத்தாண்டின் நீர்விளையாட்டு தெருக்களை நிறைத்திருக்கும். அதற்காகவே செல்பவர்களைத் தவிர மற்றவர்கள் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

கிழமையை யாரும் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டும். சதுசக் வாரச் சந்தை சனி, ஞாயிறு நாட்களில்தான் முழுமையாக நடக்கும். சீனர் பகுதியான யாவ்ராட்டில் தெருவோர உணவுக் கடைகள் பல திங்கட்கிழமை விடுமுறை விடுகின்றன. வெள்ளி காலை இறங்கி ஞாயிறு இரவு திரும்பும் பயணத்தில் இந்த இரண்டு சிக்கல்களும் இல்லை.

சென்னையிலிருந்து செல்லும் விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்டு விடியற்காலையில் இறங்குகின்றன. பயண நேரம் சுமார் மூன்றரை மணி. தாய்லாந்து நேரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி முன்னால் இருக்கிறது. 10ஆம் தேதி நள்ளிரவு 12:30 என்று சீட்டில் இருந்தால் 9ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். மாறாக, 9ஆம் தேதி இரவு 11:30 மணி விமானத்தில் ஏறுபவர் பாங்காக்கில் இறங்குவது 10ஆம் தேதி காலையில். அவர் 9ஆம் தேதிக்கு அறை பதிவு செய்தால் ஓர் இரவு வாடகை வீண்.

2. புறப்படும் வாரத்தில் முடிக்க வேண்டியவை

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் 60 நாட்கள் வரை விசா இன்றித் தங்கும் சலுகை 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இத்தகைய சலுகைகளின் கால அளவு அவ்வப்போது மாற்றப்படுவதால், சீட்டு எடுப்பதற்கு முன் தாய்லாந்துத் தூதரகத்தின் இணையதளத்தில் அப்போதைய நிலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்ற நாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் தங்கள் நாட்டுக்கான விதியைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

2025 மே 1 முதல் மின்னணு வருகை அட்டை கட்டாயமாகியுள்ளது. தாய்லாந்துக் குடிவரவுத் துறையின் தளத்தில், இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இதை நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. அதே தோற்றத்தில் பணம் கேட்கும் தளங்கள் தேடலில் முன்னால் வருகின்றன. கட்டணம் கேட்டால் தவறான தளத்தில் இருக்கிறீர்கள் என்று பொருள். திரும்பும் சீட்டு, விடுதிப் பதிவு இரண்டையும் காகிதத்திலும் வைத்திருங்கள். குடிவரவு மேசையில் கேட்கும்போது கைப்பேசியில் மின்னஞ்சலைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.

வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும், தொடாமல் செலுத்தும் வசதியையும் வங்கியின் செயலியில் நீங்களே இயக்கிவைக்க வேண்டும். இந்தியாவில் வழங்கப்படும் அட்டைகளில் இவை பெரும்பாலும் அணைத்தே இருக்கும். டாலர் எடுத்துச் செல்வதென்றால் 100 டாலர் தாள்களாக, மடிப்பும் கிழிசலும் இல்லாதவையாக எடுத்துச் செல்லுங்கள். சிறிய தாள்களுக்கு அங்கே குறைந்த விலைதான் கொடுப்பார்கள்.

சார்ஜரின் இரட்டை முள் அங்குள்ள சுவர்த்துளைகளில் பொருந்தும். மடிக்கணினியின் தடித்த மூன்று முள் செருகி பொருந்தாது. மின்சிகரெட் தாய்லாந்தில் தடைசெய்யப்பட்டது, அதைப் பெட்டியில் வைக்கவே கூடாது.

3. அறையைத் தேர்வதற்கு முன் ரயில் நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள்

மற்ற எல்லாத் தவறுகளையும் போகப்போகச் சரிசெய்துகொள்ளலாம். தங்குமிடத்தில் நேரும் தவறு மட்டும் மூன்று நாளும் கூடவே வரும்.

தூண்கள் மீது ஓடும் பிடிஎஸ் வான்ரயில், பெரும்பாலும் நிலத்தடியில் ஓடும் எம்ஆர்டி, இவற்றோடு சாவ் பிரயா ஆற்றுப் படகுகள் ஆகிய மூன்றுமே சாலை நெரிசலுக்கு அகப்படாதவை. இவற்றில் இரண்டு சந்திக்கும் இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் அறை அமைவது முக்கியம். அசோக், சாலா டேங், சபான் தக்சின் ஆகிய மூன்று சுற்றுப்புறங்களையும் முதல் பயணத்துக்குப் பரிந்துரைப்பேன். சபான் தக்சினில் வான்ரயில் நிலையத்தின் அடியிலேயே படகுத்துறை இருக்கிறது. அசோக்கிலும் சாலா டேங்கிலும் இரண்டு ரயில்களும் சந்திக்கின்றன.

மலிவு என்பதற்காகக் காவ்சான் சாலையில் தங்குபவர்கள் உண்டு. பாங்காக்கின் பெரிய அரண்மனைக்கு அது அருகில்தான். ஆனால் நடக்கும் தொலைவில் ரயில் நிலையம் கிடையாது. மிச்சப்பட்ட வாடகை டாக்ஸிக்குப் போய்விடும்.

முகவரியைப் படிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. பெரிய சாலையிலிருந்து பிரியும் சந்துக்கு ‘சோய்’ என்று பெயர். ஒற்றைப்படை எண் சந்துகள் ஒரு பக்கமும் இரட்டைப்படை எண்கள் மறுபக்கமும் இருக்கும், ஆனால் இரண்டு வரிசையும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. சுகும்வித் சாலையில் 55ஆம் சோய்க்கு ஏறத்தாழ எதிரே இருப்பது 38ஆம் சோய். அடுத்தடுத்த எண் என்று நம்பி நடக்கத் தொடங்கினால் சாலையைக் கடக்கவும் வழியில்லாமல் வெயிலில் நிற்க நேரும். மேலும், சில சந்துகள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போகும். ‘சோயின் வாயிலில்’ இருக்கும் விடுதியும் ‘சோயின் கடைசியில்’ இருக்கும் விடுதியும் முகவரியில் ஒன்றுபோலத் தெரியும். வரைபடத்தில்தான் வேறுபாடு புலப்படும்.

4. விமான நிலையத்திலிருந்து நகருக்குள்

பாங்காக்குக்கு இரண்டு விமான நிலையங்கள் உண்டு. கிழக்கே சுவர்ணபூமி, வடக்கே டோன் முவாங். எதில் இறங்குகிறீர்கள், எதிலிருந்து திரும்புகிறீர்கள் என்பதைச் சீட்டில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்; இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சுவர்ணபூமியில் குடிவரவு முடிந்ததும் செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வருகைக் கூடத்தில் சிம் கார்டு. கடவுச்சீட்டைக் காட்டி வாங்கிப் பொருத்தி, வேலை செய்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். பணத்தை மட்டும் அங்கே மாற்ற வேண்டாம். ரயில் ஏறும் அடித்தளத்தில் இருக்கும் நாணய மாற்றுக் கடைகளில் விலை குறிப்பிடத்தக்க அளவு மேலானது. பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்த அசதியில் கண்ணில் படும் முதல் வங்கிச் சாளரத்தில் மாற்றிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் இழப்பு. ஏடிஎம்மில் எடுத்தால் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் (தாய்லாந்து நாணயம்) அல்லது அதற்கு மேல் கட்டணம் பிடிக்கப்படும் என்பதால், எடுப்பதென்றால் ஒரே முறையில் எடுங்கள். எடுக்கும்போது இயந்திரம் ‘உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்றே பதில் சொல்லுங்கள். அந்த மாற்று விலை எப்போதும் உங்களுக்குப் பாதகமாகவே இருக்கும்.

அதன் பிறகு ரயில். விமான நிலைய ரயில் பயா தாய் வரை சுமார் அரை மணி நேரத்தில் செல்கிறது. கட்டணம் 45 பாட்டைத் தாண்டுவதில்லை. அங்கே வான்ரயிலுக்கு மாறலாம். எம்ஆர்டி வேண்டுபவர்கள் மக்கசானில் இறங்கி, அதையொட்டிய பெட்சபுரி நிலையத்துக்கு நடக்க வேண்டும். டோன் முவாங்கில் இறங்கினால் சிவப்புத் தட ரயில், குருங் தேப் அபிவத் மைய நிலையத்தில் எம்ஆர்டியோடு இணைகிறது.

முதியவர்களும் கனமான பெட்டிகளும் இருந்தால் டாக்ஸிதான் பொருத்தம். சுவர்ணபூமியின் தரைத்தளத்தில் இயந்திரம் தரும் சீட்டில் உள்ள எண்ணுக்குரிய வண்டிக்குச் செல்லுங்கள். அந்தச் சீட்டை ஓட்டுநரிடம் கொடுத்துவிடாதீர்கள், புகார் செய்ய நேர்ந்தால் அதுவே ஆதாரம். மீட்டர் தொகைக்கு மேல் 50 பாட் விமான நிலையக் கட்டணமும், விரைவுச்சாலைச் சுங்கமும் நீங்கள் தர வேண்டியவை. இவற்றை ஏமாற்று என்று நினைத்து வாதாடுபவர்கள் பலர், இவை முறையானவையே.

5. முதல் நாளைச் சுருக்கிக்கொள்ளுங்கள்

விடியற்காலையில் இறங்கி, தூங்காத கண்களோடு நேராக அரண்மனைக்குப் போவதைப் போன்ற தவறான தொடக்கம் வேறில்லை. அறை பெரும்பாலும் பிற்பகல் 2 மணிக்குத்தான் கிடைக்கும். பெட்டியை வரவேற்பில் ஒப்படைத்துவிட்டு அருகிலேயே சாப்பிட்டு, லும்பினி பூங்காவில் நிழலாகப் பார்த்து உட்காருங்கள். அங்கே ஏரிக்கரையில் ஆளின் நீளத்துக்கு உடும்புகள் சாவகாசமாக ஊர்ந்து போகும். கிட்டே போய்ச் சீண்டாதவரை அவை யாரையும் பொருட்படுத்துவதில்லை. அறை கிடைத்ததும் இரண்டு மணி நேரம் தூங்கி, மாலையில் வெளியே வாருங்கள்.

சாலா டேங்கை ஒட்டிய சிலோம் பக்கம் தங்குபவர்கள் அன்று மாலை மகா மாரியம்மன் கோயிலுக்குச் செல்லலாம்; 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பிய கோயில் அது. நவராத்திரியின் நிறைவில் தேர் ஊர்வலத்துக்காகச் சிலோம் சாலையை மூடுகிறார்கள், அந்த இரவில் அப்பகுதிக்கு டாக்ஸியில் போக முயலாதீர்கள்.

6. ரயில், படகு, டாக்ஸி: எதை எப்போது?

வான்ரயிலும் எம்ஆர்டியும் தனித்தனி நிர்வாகங்கள். ஒன்றின் சீட்டு மற்றொன்றில் செல்லாது. சந்திப்பு நிலையங்களுக்குக்கூட இரண்டு பெயர்கள். வான்ரயிலில் அசோக் என்பது எம்ஆர்டியில் சுகும்வித். மோ சித் என்பது சதுசக் பூங்கா. ஒரே இடம்தான் என்று தெரியாமல் வரைபடத்தில் தடுமாறுபவர்கள் ஏராளம்.

எம்ஆர்டி வாயிலில் விசா, மாஸ்டர்கார்டு அட்டையை நேரடியாகத் தொடலாம். நுழையும்போது தொட்ட அதே அட்டையைத்தான் வெளியேறும்போதும் தொட வேண்டும். வான்ரயிலுக்கு ‘ராபிட்’ அட்டை வாங்கினால் ஒவ்வொரு முறையும் வரிசையில் நிற்பது மிச்சம், ஆனால் அட்டைக்கான கட்டணம் திரும்பக் கிடைக்காது. மூன்று நாளில் ஒரு நாளைக்கு நான்கு முறைக்குக் குறைவாக ஏறுபவர்களுக்கு ஒற்றைச் சீட்டே போதும். சில பழைய இயந்திரங்கள் நாணயத்தை மட்டுமே ஏற்கும். தாளைக் கவுண்டரில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் நிலையங்களிலும் பூங்காக்களிலும் தேசிய கீதம் ஒலிக்கும். சுற்றியிருப்பவர்கள் நின்றால் நீங்களும் நின்றுவிடுங்கள்.

டாக்ஸியை மாலை 4 முதல் 8 வரை மறந்துவிடலாம். மற்ற வேளைகளில் ஏறும்போதே மீட்டர் போடச் சொல்லுங்கள். மறுத்தால் இறங்கி அடுத்த வண்டியைப் பாருங்கள், பேரம் பேச வேண்டியதில்லை. கிராப், போல்ட் செயலிகளில் தொகை முன்பே தெரிந்துவிடும். டுக்டுக் என்னும் மூன்று சக்கர வண்டியில் ஒருமுறை ஏறிப் பார்க்கலாம், ஆனால் அது ஆசைக்குத்தான். பெரும்பாலும் டாக்ஸியைவிடக் கூடுதலாகவே செலவாகும்.

7. அரண்மனையும் ஆற்றங்கரையும்: இரண்டாம் நாள் காலை

இந்த நாளின் வரிசை மாறினால் வெயிலும் கூட்டமும் சேர்ந்து வதைக்கும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

*உடை.* ஆண்களுக்கு முழுக்கால் சட்டை. பெண்களுக்கு முழங்காலுக்குக் கீழே வரும் உடையும் தோளை மூடும் மேலுடையும். கையில்லாத சட்டையின் மேல் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு அரண்மனை வாயிலில் நின்றால் திருப்பி அனுப்பக்கூடும். கழற்றி மாட்ட எளிதான காலணி அணிந்துகொள்ளுங்கள்.

*படகு.* சபான் தக்சினில் இறங்கி சாதோர்ன் துறைக்கு 7:30 மணிக்குள் வந்துவிடுங்கள். அங்கே முதலில் கண்ணில் படுவது நீலக்கொடி கட்டிய சுற்றுலாப் படகின் சீட்டு மேசை; நாள் முழுவதற்குமான சீட்டை அங்கே விற்பார்கள். அதைத் தாண்டிப் போனால் ஆரஞ்சுக்கொடிப் படகின் வரிசை இருக்கும். உள்ளூர் மக்கள் போவது அதில்தான்; எங்கே இறங்கினாலும் 16 பாட்தான். உள்ளே ஏறியதும் நடத்துநர் உலோகக் குழாய் ஒன்றைச் சில்லறை குலுங்க ஆட்டிக்கொண்டே வருவார். அந்தச் சத்தம் கேட்டால் பணத்தை எடுத்துவைக்க வேண்டும். படகு துறையில் நிற்பது சில நொடிகள்தான். பின்புறம் நிற்பவர் ஊதும் விசிலைக் கேட்டு ஓட்டுபவர் படகை அணைப்பார், கயிறு சுற்றியதும் இறங்க வேண்டும். எனவே உங்கள் துறைக்கு முந்தைய துறையிலேயே பின்பக்கம் வந்து நின்றுகொள்ளுங்கள். நடுவில் சிக்கியவர்கள் அடுத்த துறையில்தான் இறங்குவார்கள்.

*அரண்மனை.* தா சாங் துறையில் இறங்கி நடந்தால் வாயில். 8:30 மணிக்குத் திறக்கிறார்கள், 3:30 மணியோடு சீட்டு நின்றுவிடும்; வெளிநாட்டவருக்கு 500 பாட். திறக்கும்போதே உள்ளே சென்று முதலில் மரகத புத்தர் சன்னதிக்குப் போய்விடுங்கள், சுற்றுலாக் குழுக்கள் 9:30க்கு மேல்தான் திரண்டு வரும். சன்னதிக்குள் படம் எடுக்கக் கூடாது. உட்காரும்போது பாதங்கள் புத்தரை நோக்கி நீளாமல் பின்னால் மடக்கிக்கொள்ள வேண்டும்.

*மதிலோரத்து அன்பர்.* அரண்மனையின் வெள்ளை மதிலையொட்டி நடக்கையில், நல்ல சட்டை அணிந்து கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர் புன்னகையோடு அணுகி, ‘இன்று விழா, மதியம் வரை மூடியிருக்கிறது’ என்பார். வரைபடத்தை விரித்து வேறு மூன்று கோயில்களுக்கு வட்டம் போட்டு, 20 பாட்டுக்கு டுக்டுக்கும் பிடித்துத் தருவார். அந்தப் பயணம் இரத்தினக்கல் கடையிலோ தையற்கடையிலோ போய் முடியும். அரச சடங்குகளுக்காக அரண்மனை சில நாட்களில் உண்மையிலேயே மூடப்படுவதால்தான் இந்தப் பேச்சு எடுபடுகிறது. ஆகவே முந்தைய இரவே அரண்மனையின் அதிகாரப்பூர்வத் தளத்தில் பார்த்துவைத்துவிடுங்கள். பிறகு வாயிற்காவலர் சொல்வதைத் தவிர வேறு எவர் பேச்சையும் கேட்க வேண்டியதில்லை.

*வாட் போ, வாட் அருண்.* மதிலையொட்டித் தெற்கே நடந்தால் வாட் போ கோயில். 46 மீட்டர் நீளத்தில் சயனித்திருக்கும் புத்தரை, கூடத்தின் உள்ளே தூண்களுக்கிடையே பகுதி பகுதியாகத்தான் பார்க்க முடியும். பாதங்களில் பதித்த முத்துச்சிப்பி வேலைப்பாட்டுக்கு முன் நேரம் ஒதுக்குங்கள். பின்னர் தா தியென் துறையில் சில பாட் கொடுத்து எதிர்க்கரைக்குப் போனால் வாட் அருண் கோயில். அதன் படிகள் செங்குத்தானவை. ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம்.

இவ்வளவும் முடிய 12:30 ஆகிவிடும். இதற்கு மேல் வெயிலில் இன்னொரு இடம் சேர்க்காதீர்கள். படகில் மீண்டும் தா தியெனுக்கு வந்து, சனாம் சாய் நிலையத்தில் எம்ஆர்டி ஏறி அறைக்குத் திரும்பி, 4 மணி வரை ஓய்வெடுங்கள். மாலையில் அதே தடத்தில் வாட் மங்கோன் நிலையம் வந்தால் யாவ்ராட் தெரு விளக்கேற்றத் தொடங்கியிருக்கும்.

8. சாப்பாடு

தெருவோரக் கடையில் கூட்டம் இருக்கிறதா, சமைப்பது கண்முன்னே நடக்கிறதா என்ற இரண்டையும் பார்த்தால் போதும். குழாய் நீரைக் குடிக்க வேண்டாம். உள்ளூர்க்காரர்கள் கைப்பேசியில் கியூஆர் மூலம் செலுத்துவதைப் பார்த்து உங்களாலும் முடியும் என்று எண்ணாதீர்கள். சில்லறையாகப் பணம் வேண்டும்.

சைவ உணவினருக்குத்தான் கவனம் தேவை. இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் இறைச்சியைத்தான் நீக்குவார்கள். மீன்சாறும் இறால் விழுதும் அப்படியே இருக்கும். மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்துள்ள கொடியோ பலகையோ தொங்கும் ‘ஜே’ கடைகளில் மீன்சாறு, முட்டை, பூண்டு, வெங்காயம் எதுவும் சேர்க்கமாட்டார்கள். மற்ற கடைகளில் ‘மாய் சாய் நாம் ப்ளா’ என்று சொல்லுங்கள், மீன்சாறு சேர்க்க வேண்டாம் என்பது அவர்களுக்குப் புரியும். நமக்கு உறைப்பெல்லாம் ஒரு பொருட்டா என்ற நம்பிக்கை சோம் தாம் பப்பாளிக் கலவையிடம் எடுபடாது. முதல்முறை ‘மாய் பெட்’, அதாவது உறைப்பு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதில் உலர்ந்த இறாலும் இருக்கும்.

குழந்தைகளோடு செல்பவர்களுக்கு வணிக வளாகங்களின் உணவுக்கூடங்கள் வசதி. அசோக்கில் உள்ள டெர்மினல் 21 வளாகத்தின் கூடத்தில் விலை தெருக்கடைக்கு நெருக்கமாகவே இருக்கிறது. முதலில் அட்டையில் பணம் ஏற்றி வாங்க வேண்டும். மீதியை அன்றே கவுண்டரில் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

9. மூன்றாம் நாள்: ஒன்றே ஒன்று

சனி, ஞாயிறு என்றால் சதுசக். காம்பெங் பெட் நிலையத்தில் இறங்கினால் நேராகச் சந்தைக்குள் வந்துவிடலாம். 9:30 மணிக்குப் போய் நண்பகலுக்குள் வெளியேறுங்கள். தகரக் கூரைக்கு அடியில் பிற்பகல் புழுக்கம் தாங்காது. பிடித்த பொருளை ‘திரும்பி வரும்போது வாங்கலாம்’ என்று விட்டுவந்தால் அந்தக் கடையை மீண்டும் கண்டுபிடிப்பது அரிது. பிரிவு எண்ணையாவது படம் எடுத்து வையுங்கள்.

வாரநாள் என்றால் பிரதுனாமிலிருந்து சேன் சேப் கால்வாய்ப் படகில் கடைசித் துறையான பான் பா வரை சென்று, அருகிலுள்ள வாட் சாகெட் பொன்மலையில் ஏறலாம். அந்தக் கால்வாய் நீர் முகத்தில் தெறிக்காமல் இருக்க, பக்கவாட்டுத் திரையைக் கயிற்றால் இழுத்துப் பிடிக்க வேண்டியது ஓரத்தில் உட்கார்ந்தவரின் வேலை. சதுசக்கையும் பொன்மலையையும் ஒரே நாளில் முடிக்க முயன்றால் இரண்டும் அரைகுறையாகும்.

10. திரும்பும் நாள்

இரவு விமானமென்றால் அறையைக் காலி செய்த பின் பெட்டியை விடுதியிலேயே வைத்துக்கொள்வார்கள். அதற்காக இன்னோர் இரவு வாடகை கட்ட வேண்டியதில்லை. விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்கும்படி கணக்கிட்டு, மாலை நெரிசலில் டாக்ஸியை நம்பாமல் பயா தாயிலிருந்து ரயிலில் செல்லுங்கள். ரயில் நள்ளிரவோடு நின்றுவிடும்.

டுரியன் பழத்தை விடுதி அறைக்குள்ளும் விமானத்துக்குள்ளும் அனுமதிப்பதில்லை. வறுத்துப் பொட்டலமிட்டதை வாங்கலாம். மிளகாய் விழுது, சாறு வகைகளைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் பறிபோகும், பெட்டியில் அடுக்கிவிடுங்கள். மீதி இருக்கும் தாள்களை ரயில் ஏறுமுன் மாற்றிக்கொள்ளலாம். நாணயங்களை எந்தக் கடையும் மாற்றித் தராது என்பதால், கடைசி ரயில் சீட்டுக்கும் தண்ணீர்ப் புட்டிக்கும் அவற்றையே கொடுத்துத் தீர்த்துவிடுங்கள்.